அடிமை முறையும் வேண்டாம், கறுப்பரும் வேண்டாம்: ஓரிகன் மாநிலத்தில் நிறவெறியின் வரலாறு

(மூன்றாமாண்டு இளங்கலை, வரலாற்றுத் துறை)

அமெரிக்க நாட்டின் நிறவெறி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தென் மாநிலங்களே. மிசிசிப்பியின் பருத்திக் காடுகள், அலபாமாவின் பேருந்துப் புறக்கணிப்பு, ஜார்ஜியாவில் பிறந்த மார்ட்டின் லூதர் கிங் ஆகியவற்றை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். தெற்கு அடிமைப்படுத்தியது, வடக்கு விடுவித்தது என்ற அளவில் உள்நாட்டுப் போரின் கதையை எழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால் அடிமை முறையைத் தன் மண்ணில் ஒரு நாளும் சட்டப்படி ஏற்காத ஒரு மாநிலம், அதே கையால் கறுப்பர்கள் தன் எல்லைக்குள் வரவே கூடாது என்றும் எழுதி வைத்தது. அதுவும் சாதாரணச் சட்டத்தில் அன்று, அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. பசிபிக் கடற்கரையில், கலிபோர்னியாவுக்கு வடக்கே உள்ள ஓரிகன் மாநிலமே அது. இத்தகைய விலக்கு விதியை அரசியலமைப்பில் தாங்கிக்கொண்டு ஐக்கிய நாடுகளில் சேர்க்கப்பட்ட மாநிலம் அது ஒன்றே.

அந்தச் சட்டத்தின்படி உண்மையில் வெளியேற்றப்பட்டவர் எத்தனை பேர் என்று பார்த்தால், பதிவேடுகளில் உறுதியாகத் தெரிபவர் ஒரே ஒருவர்தாம். அப்படியானால் அது ஏட்டுச் சுரைக்காய்தானே, அதைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். (அக்காலச் சட்டங்களில் ‘நீக்ரோ’ என்னும் சொல்லே பயின்று வருகிறது. நான் இங்குக் கறுப்பர் என்றே எழுதுகிறேன்.)

நிலமும் வந்தவர்களும்

1840ஆம் ஆண்டுகளில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து மாட்டு வண்டிகளில் புறப்பட்டு, சமவெளிகளையும் மலைகளையும் கடந்து, ஏறத்தாழ 2000 மைல் நடந்து, ஐந்தாறு மாதங்களில் வில்லாமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைந்தவர்களே ஓரிகனின் வெள்ளைக் குடியேறிகள். அந்தப் பள்ளத்தாக்கு ஆளில்லாத நிலம் அன்று. கலப்பூயா முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்த பூமி அது. ஆயினும் வண்டிகள் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, வெளியாரால் வந்த காய்ச்சல் அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றிருந்தது. எஞ்சியவர்கள் பின்னர் ஒதுக்கிடங்களுக்கு ஓட்டப்பட்டனர். அது தனிக் கட்டுரைக்குரிய பெருங்கதை.

வந்தவர்களில் மிகப் பலர் மிசௌரி போன்ற எல்லை மாநிலங்களின் சிறு உழவர்கள். அங்கே அடிமைகளை வைத்துப் பயிரிட்ட பெருநிலக்கிழார்களோடு போட்டியிட இயலாமல் நொந்தவர்கள். அடிமை முறையை அவர்கள் வெறுத்தது உண்மை. ஆனால் அந்த வெறுப்பு அடிமையின் மேல் கொண்ட இரக்கத்தால் பிறந்ததன்று. கூலியில்லா உழைப்பாளியோடு போட்டியிட வேண்டியிருக்கிறதே என்ற கசப்பில் பிறந்தது அது. எசமானையும் வெறுத்தார்கள், அடிமையையும் வெறுத்தார்கள். இரண்டும் இல்லாத ஒரு நிலத்தைத் தேடித்தான் வண்டி பூட்டினார்கள். இதனை மனத்தில் கொண்டால், பின்னால் வரும் சட்டங்களில் முரண்பாடு எதுவும் தோன்றாது.

கசையடிச் சட்டம்

1843இல் குடியேறிகள் தமக்கென ஒரு தற்காலிக அரசை அமைத்துக்கொண்டு அடிமை முறையைத் தடை செய்தனர். மறு ஆண்டு மார்ச்சில் வில்லாமெட் அருவியருகே ஒரு கைகலப்பு நேர்ந்தது. காக்ஸ்டாக் என்ற பழங்குடி மனிதர், வின்சுலோ ஆண்டர்சன் என்ற கறுப்பரிடம் வேலை செய்தார். கூலியாகத் தருவதாகச் சொன்ன குதிரையை ஆண்டர்சன், ஜேம்ஸ் சால்ஸ் என்ற மற்றொரு கறுப்பருக்கு விற்றுவிட்டார். குதிரைக்காக எழுந்த பூசல் முற்றி, காக்ஸ்டாக்கும் வெள்ளையர் இருவரும் மடிந்தனர். ஒரு குதிரைச் சண்டைதான். ஆனால் கறுப்பர்கள் பழங்குடியினரோடு கூடி நம்மை அழித்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு அது தீனியாயிற்று.

1844 ஜூனில் பீட்டர் பர்னெட் என்பவர் முன்மொழிந்த சட்டம் நிறைவேறியது. அடிமைகளை வைத்திருப்போர் மூன்றாண்டுகளுக்குள் அவர்களை அப்புறப்படுத்த வேண்டும். விடுதலை பெற்ற கறுப்பரில் ஆண்கள் இரண்டாண்டுகளிலும், பெண்கள் மூன்றாண்டுகளிலும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். போகாதவருக்கு இருபதுக்குக் குறையாமல் முப்பத்தொன்பதுக்கு மேற்படாமல் கசையடி, போகும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதே ஆண்டு டிசம்பரில் கசையடி நீக்கப்பட்டுக் கட்டாய உழைப்பு என்று மாற்றப்பட்டது. நடைமுறைக்கு வருமுன்பே, 1845இல், சட்டம் முழுவதும் கைவிடப்பட்டது. ஒருவர் முதுகிலும் ஓர் அடியும் விழவில்லை. இதை முன்மொழிந்த பர்னெட் பின்னர் கலிபோர்னியாவின் முதல் ஆளுநரானார் என்பதும், அங்கும் கறுப்பரைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தார் என்பதும் நோக்கத்தக்கன.

அடி விழவில்லை என்பதால் சட்டம் வேலை செய்யவில்லை என்று கூறலாமா? அதே 1844இல் மிசௌரியிலிருந்து ஜார்ஜ் புஷ் என்ற கறுப்பர் குடும்பத்துடன் வந்து சேர்ந்தார். கையில் பொருள் படைத்தவர். உடன் வந்த ஏழை வெள்ளையர் சிலருக்கு வழிச்செலவுக்கு உதவியவர். வில்லாமெட் பள்ளத்தாக்கில் தமக்கு இடமில்லை என்று அறிந்ததும் அவர் கொலம்பியா ஆற்றைக் கடந்து வடக்கே சென்றார். தற்காலிக அரசின் கை எட்டாத பகுதி அது. அவரோடு பயணம் செய்த வெள்ளையர் சிலரும் அவரை விட்டுப் பிரிய மனமின்றி உடன் சென்றனர். பியூஜெட் கடற்கழியருகே 1845இல் அவர்கள் அமைத்த ஊரே அப்பகுதியில் அமெரிக்கரின் முதற் குடியேற்றம். இன்று அது வாஷிங்டன் மாநிலம். ஓரிகன் இழந்தது ஒரு நல்ல உழவரை. பெற்றது அண்டை மாநிலம். இத்தகைய நிகழ்ச்சி நீதிமன்றப் பதிவேட்டில் ஏறாது. திருப்பி அனுப்பப்பட்டவரை எண்ணலாம். செய்தி கேட்டு வராமலே நின்றுவிட்டவரை எண்ண எந்த அலுவலகத்திலும் ஏடு இல்லை.

வாண்டர்பூலின் வழக்கு

1849இல், இப்போது ஐக்கிய நாடுகளின் ஆட்சிப்பகுதியாகிவிட்ட ஓரிகனின் சட்டமன்றம் இரண்டாம் விலக்குச் சட்டத்தை இயற்றியது. முன்பே இருப்பவர்கள் இருக்கலாம், புதிதாக எந்தக் கறுப்பரும் வந்து தங்கக் கூடாது என்பது அதன் சாரம். ஜேக்கப் வாண்டர்பூல் என்பவர் கடலோடி, மேற்கிந்தியத் தீவுகளைச் சார்ந்தவர். 1850இல் ஓரிகன் நகரத்துக்கு வந்து மதுக்கடையும் உணவகமும் தங்கும் விடுதியும் நடத்திவந்தார். அதே ஊரின் மற்றொரு வெள்ளை வணிகர், இவர் கறுப்பர், சட்டத்துக்குப் புறம்பாக இங்கிருக்கிறார் என்று முறையிட்டார். 1851 ஆகஸ்டில் வாண்டர்பூல் கைது செய்யப்பட்டார். அச்சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று அவருடைய வழக்கறிஞர் வாதிட்டும் பயனில்லை. முப்பது நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்று நீதிபதி தாமஸ் நெல்சன் தீர்ப்பளித்தார். நான் முன்பு குறிப்பிட்ட அந்த ஒருவர் இவரே.

அதே மாதங்களில் போர்ட்லாந்து நகரில் கடை வைத்திருந்த ஏப்னர் பிரான்சிஸ் குடும்பத்துக்கும் வெளியேற்ற ஆணை வந்தது. பிரான்சிஸ், கறுப்பரின் மாபெருந் தலைவர் பிரடெரிக் டக்ளசின் நண்பர். தமக்கு நேர்ந்ததை டக்ளசின் இதழுக்கே எழுதி அனுப்பினார். ஊரார் இருநூறு பேருக்கு மேல் கையொப்பமிட்டு, இவர்களை இருக்க விடுங்கள் என்று சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்தனர். சட்டமன்றம் அந்த விண்ணப்பத்தை ஏற்கவும் இல்லை, குடும்பத்தை விரட்டவும் இல்லை. தலைக்கு மேல் வாள் தொங்கவே அவர்கள் பல ஆண்டுகள் கடை நடத்தி, கடைசியில் கனடா நாட்டின் விக்டோரியா நகருக்குச் சென்றுவிட்டனர். அண்டை அயலாரின் நல்லெண்ணத்தை நான் குறைத்துக் கூறவில்லை. இருநூறு பேர் கையெழுத்திட முன்வந்தது பெரிய செயலே. ஆனால் ஒரு மனிதன் குடியிருப்பதற்கே ஊராரின் கையெழுத்து வேண்டும் என்னும் நிலையை அந்தச் சட்டம்தான் உண்டாக்கியது. 1854இல் அதுவும் நீக்கப்பட்டது.

இதற்கிடையில், இவ்விரு சட்டங்களையும் விட ஆழமாக வேர்விட்ட மற்றொன்று நடந்தது. 1850இல் அமெரிக்கக் காங்கிரசு இயற்றிய நிலக்கொடைச் சட்டத்தின்படி, ஓரிகனில் குடியேறிய வெள்ளை ஆடவர் ஒவ்வொருவருக்கும் 320 ஏக்கர், மணமானவராயின் மனைவி பெயரில் மற்றொரு 320 ஏக்கர் இலவசமாகக் கிடைத்தது. பழங்குடியினரோடு கலந்து பிறந்தவர்களுக்கும் உரிமை உண்டு. கறுப்பருக்கு இல்லை. ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர் இவ்வாறு பங்கிடப்பட்டது. பழங்குடி மக்களோடு உடன்படிக்கைகள் முடியும் முன்பே இந்தப் பங்கீடு தொடங்கிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். விலக்குச் சட்டங்கள் வந்தன, போயின. நிலம் போகவில்லை. அது தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. முன்பு கூறிய ஜார்ஜ் புஷ் தாம் உழுத நிலத்தைத் தம்முடையதாக்கிக்கொள்ள, காங்கிரசு 1855இல் அவர் ஒருவருக்காகவே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அடிமை முறை தடை செய்யப்பட்ட மண்ணில் அடிமைகளே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. நதானியேல் போர்டு என்பவர் 1844இல் மிசௌரியிலிருந்து ராபின் ஹோம்ஸ் குடும்பத்தை அடிமைகளாகவே கொண்டுவந்தார். கலிபோர்னியத் தங்கச் சுரங்கத்துக்குப் போய் உழைத்து வந்தால் விடுதலை என்று வாக்களித்தார். ராபின் உழைத்து வந்தார். அவருக்கும் மனைவிக்கும் விடுதலை தந்த போர்டு, மூத்த குழந்தைகளை மட்டும் விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ராபின் தம் குழந்தைகளுக்காக வழக்குத் தொடுத்தார். போர்டோ சட்டமன்ற உறுப்பினர். வழக்கு ஓராண்டுக்கு மேல் இழுபட்டது. கடைசியில் 1853 ஜூலையில், புதிதாக வந்த நீதிபதி ஜார்ஜ் வில்லியம்ஸ், அடிமை முறையை நிலைநாட்டும் சட்டம் இல்லாத இடத்தில் அடிமை இல்லை என்று கூறிக் குழந்தைகளைப் பெற்றோரிடம் ஒப்படைத்தார். அதற்குள் ஒரு பெண் குழந்தை இறந்துவிட்டிருந்தது.

இதே வில்லியம்ஸ் 1857இல், ஓரிகனுக்கு அடிமை முறை ஏன் கூடாது என்று செய்தித்தாளில் ஒரு நீண்ட கடிதம் வெளியிட்டார். நியாயம் பேசும் கடிதமாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அதில் உள்ளது முழுக்க முழுக்க வரவுசெலவுக் கணக்கு. இந்தத் தட்பவெப்பத்தில், இந்தப் பயிர்களுக்கு, அடிமையை வைத்துக் கட்டுப்படியாகாது என்பதே வாதம்.

1857 நவம்பர் 9

மாநிலத் தகுதி பெறுவதற்காக எழுதப்பட்ட அரசியலமைப்பு அன்று வாக்காளர் முன் வைக்கப்பட்டது. வாக்காளர் அனைவரும் வெள்ளை ஆடவர்களே. அரசியலமைப்பை ஏற்பதா என்பதோடு வேறிரண்டு கேள்விகளும் தனித்தனியே கேட்கப்பட்டன. அடிமை முறை வேண்டுமா? வேண்டும் என்றோர் 2,645 பேர், வேண்டாம் என்றோர் 7,727 பேர். விடுதலை பெற்ற கறுப்பர் இங்கு வரலாமா? வரலாம் என்றோர் 1,081 பேர், கூடாது என்றோர் 8,640 பேர்.

இவ்வெண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அடிமை முறையை எதிர்த்தவர் நான்கில் மூன்று பங்கினர். கறுப்பர் வருவதை எதிர்த்தவர் ஒன்பதில் எட்டுப் பங்கினர். அதாவது அடிமை முறையை வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் இரண்டாம் கேள்வியில் ஒன்றுபட்டுவிட்டனர். நாடே பிளவுபட்டுப் போருக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஓரிகனில் இரு கட்சியாரும் கைகுலுக்கிக்கொண்ட ஒரே இடம் இதுதான் போலும்.

அவ்வாறு சேர்க்கப்பட்ட விதி கூறியது இது: இந்த அரசியலமைப்பு ஏற்கப்படும் நேரத்தில் இங்கு வாழாத கறுப்பர் எவரும் இனி வரவோ தங்கவோ கூடாது, நிலம் வைத்திருக்கக் கூடாது, ஒப்பந்தம் செய்யக் கூடாது, வழக்குத் தொடுக்கக் கூடாது. அவர்களைக் கொண்டுவருவோரையும், வேலைக்கு வைப்போரையும், புகலிடம் தருவோரையும் தண்டிக்கச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். மற்றொரு விதியில் கறுப்பருக்கும் சீனருக்கும் வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1859 பிப்ரவரி 14 அன்று ஓரிகன் முப்பத்து மூன்றாம் மாநிலமாயிற்று.

தண்டனைச் சட்டத்தைச் சட்டமன்றம் கடைசிவரை இயற்றவே இல்லை. காவலர் இல்லை, தண்டம் இல்லை, வெளியேற்றம் இல்லை. ஆனால் நிலம் வாங்க முடியாத, கடனுக்கு ஒப்பந்தம் எழுத முடியாத, ஏமாற்றப்பட்டால் நீதிமன்றப் படியேற முடியாத ஊருக்கு யார் குடிபெயர்வார்? வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பறித்தது இதில் மிகக் கூரிய பகுதி என்பது என் கருத்து. வாண்டர்பூலுக்காவது ஒரு வழக்கறிஞர் நின்று வாதாட முடிந்தது. ராபின் ஹோம்ஸ் தம் குழந்தைகளை மீட்டதும் ஒரு வழக்கினால்தான். 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஓரிகன் மக்கள் 52,465 பேர். அவர்களில் கறுப்பர் 128 பேர்.

போர் முடிந்தபின் கறுப்பருக்குக் குடியுரிமை தந்த பதினான்காம் திருத்தத்தை ஓரிகன் 1866இல் ஏற்றது, 1868இல் ஏற்பை விலக்கிக்கொண்டது, 1973இல் மறுபடி ஏற்றது. வாக்குரிமை தந்த பதினைந்தாம் திருத்தத்தை 1870இல் மறுத்து, 1959இல்தான் ஏற்றது. இத்திருத்தங்கள் நாடு முழுவதற்கும் செல்லுபடியானவை. ஆகவே விலக்கு விதி 1868க்குப் பிறகு சட்டப்படி உயிரற்றது. எனினும் ஏட்டிலிருந்து அதை அகற்ற மாநிலத்துக்கு மனம் வரவில்லை. வெள்ளையரும் பிறரும் மணந்துகொள்வதற்கான தடையும் 1951வரை இருந்தது.

பிற இனத்தவர்

கதவு கறுப்பருக்கு மட்டும் அடைக்கப்பட்டதன்று. அரசியலமைப்பு ஏற்கப்பட்டபின் வந்த சீனர் நிலமோ சுரங்க உரிமையோ வைத்திருக்க 1857 விதிகளே தடை போட்டன. 1887 மே மாதத்தில் ஸ்னேக் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் தங்கம் அரித்துக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர் முப்பதுக்கு மேற்பட்டோரைக் குதிரைத் திருடர் கும்பல் ஒன்று சுட்டுக் கொன்றது. மறு ஆண்டு மூவர் மீது வழக்கு நடந்தது. மூவரும் விடுதலை. அந்த இடத்தில் நினைவுக்கல் நடப்பட்டது 2012இல்.

நம் நாட்டவருக்கும் இவ்வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓரிகனின் மர அறுவை ஆலைகளில் இந்தியர் பலர் வேலை செய்தனர். பெரும்பாலோர் பஞ்சாபின் சீக்கியர். அமெரிக்கர் வாயில் எல்லோரும் ‘இந்துக்கள்’! 1910 மார்ச் 21 இரவு, போர்ட்லாந்தை அடுத்த செயிண்ட் ஜான்ஸ் என்னும் ஊரில் வெள்ளையர் கும்பல் ஒன்று இவர்கள் தங்கியிருந்த இடங்களில் புகுந்து, அடித்து, பொருள்களைப் பறித்து, ஊரைவிட்டே துரத்தியது. குற்றம் சாட்டப்பட்டோரில் ஊர் அதிகாரிகளும் இருந்தனர். 1913இல் கதர் கட்சியைத் தோற்றுவித்த கூட்டங்களில் முதன்மையான ஒன்று ஓரிகனின் அஸ்டோரியா ஆலை நகரில் நடந்தது தற்செயலன்று என்றே தோன்றுகிறது. ஓரிகன் ஆலைகளில் உழைத்து, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையிலும் பணியாற்றிய பகத் சிங் திண்டு என்பவருக்கு 1920இல் ஓரிகன் கூட்டரசு நீதிமன்றம் குடியுரிமை வழங்கியது. 1923இல் உச்ச நீதிமன்றம், இந்தியர் சட்டத்தின் நோக்கில் வெள்ளையர் ஆகார் என்று கூறி அதைப் பறித்தது. அதே ஆண்டில் ஓரிகன் சட்டமன்றம், குடியுரிமைக்குத் தகுதியற்ற அயல்நாட்டார் நிலம் வாங்கக் கூடாது என்று சட்டம் செய்தது. குறி ஜப்பானிய உழவர்கள்மேல்தான். 1942இல் அம்மக்கள் போர்ட்லாந்தின் கால்நடைக் கண்காட்சிக் கொட்டகையில் அடைக்கப்பட்டனர். ஹூட் ரிவர் ஊரில் பிறந்த வழக்கறிஞர் மினோரு யாசுயி, ஊரடங்கு ஆணையை வேண்டுமென்றே மீறிச் சிறை சென்று அதை எதிர்த்தார். அதே ஊரின் முன்னாள் படைவீரர் சங்கம் 1944இல், போரில் பணியாற்றிக்கொண்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர் 16 பேரின் பெயர்களைத் தன் சிறப்புப் பலகையிலிருந்து அழித்தது. நாடெங்கும் கண்டனம் எழவே மறு ஆண்டு திரும்ப எழுத நேர்ந்தது.

சட்டம் போன பிறகு

1921இல் கூ கிளக்ஸ் கிளான் ஓரிகனுக்குள் நுழைந்து, ஓரிரு ஆண்டுகளில் பல்லாயிரம் உறுப்பினரைச் சேர்த்துவிட்டது. 1922இல் ஆளுநரான வால்டர் பியர்சின் வெற்றிக்கு அதன் ஆதரவும் துணை நின்றது. கறுப்பர் மிகக் குறைவான மாநிலத்தில் அந்த இயக்கத்தின் வேகம் கத்தோலிக்கர் மேலும் பாய்ந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூடவைக்கும் நோக்கோடு வந்த கல்விச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1925இல் தள்ளுபடி செய்தது.

அச்சூழ்நிலையிலும் பீட்ரிஸ் கனடி என்ற கறுப்பினப் பெண்மணி போர்ட்லாந்தில் ‘அட்வகேட்’ என்ற செய்தித்தாளை நடத்தினார். சட்டம் பயின்று 1922இல் பட்டம் பெற்றார். வெள்ளையர் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் சென்று பேசினார். விலக்கு விதியை நீக்கவேண்டும் என்று விடாமல் எழுதினார். அவரும் அவர் போன்றோரும் உழைத்ததன் பயனாக, முன்பு வாக்கெடுப்பில் தோற்ற அந்தத் தீர்மானம் 1926இல் வென்றது. மறு ஆண்டு வாக்குரிமைத் தடையும் நீக்கப்பட்டது. ஆயினும் இனப்பெயர் கொண்ட சில பழைய சொற்றொடர்கள் ஏட்டில் எஞ்சியிருந்தன. அவற்றையும் எடுத்துவிடலாமா என்று 2002இல் மக்களைக் கேட்டபோது, நூற்றுக்கு எழுபது பேர் எடுக்கலாம் என்றனர். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்று வாக்களித்தனர்.

விதி நீங்குவதற்கு முன்பே அதன் வேலையை வேறு கைகள் ஏற்றுக்கொண்டிருந்தன. போர்ட்லாந்தின் வீட்டுமனைத் தரகர் கழகம் 1919இல், வெள்ளையர் வாழும் பகுதிகளில் கறுப்பருக்கோ சீனருக்கோ வீடு விற்பது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று தன் நெறிமுறையில் சேர்த்தது. ஒழுக்கம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த எப்படி மனம் வந்ததோ! இந்நெறியை நீக்க மக்கள் வாக்கெடுப்பு நடத்த முடியாது, நீதிமன்றத்தில் எளிதில் எதிர்க்கவும் முடியாது. 1940இல் மாநிலம் முழுவதிலும் கறுப்பர் 2,565 பேர்தாம். மிகப் பலர் இரயில்வேயில் சுமை தூக்குவோரும் பணியாளரும்.

போர் வந்ததும் நிலைமை மாறியது. கெய்சர் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். தென் மாநிலங்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கறுப்பர் ஆயிரக்கணக்கில் வந்தனர். வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. 1942இல், போர்ட்லாந்தின் எல்லைக்கு வெளியே, கொலம்பியா ஆற்றின் வெள்ளச் சமவெளியில், மரப்பலகையால் அவசரம் அவசரமாக ஒரு நகரம் எழுப்பப்பட்டது. அதன் பெயர் வான்போர்ட். சுற்றிலும் கரைகள். ஆற்றின் மட்டத்துக்குத் தாழ்ந்த தரை. உச்சக்கட்டத்தில் நாற்பதாயிரம் பேர் வாழ்ந்து, ஓரிகனின் இரண்டாம் பெரிய நகரமாயிற்று. வீடுகள் ஒதுக்குகையில் கறுப்பர் தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டனர். ஆனால் பள்ளியில் பிள்ளைகள் ஒன்றாகவே படித்தனர். போர் முடிந்ததும் வெள்ளையருள் பலர் நகருக்குள் வீடு பார்த்துக்கொண்டு சென்றனர். கறுப்பருக்குத் தரகர் கழகத்தின் ‘ஒழுக்கம்’ குறுக்கே நின்றது. ஆகவே 1948இல் எஞ்சியிருந்த ஏறத்தாழ 18,500 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பர்.

அவ்வாண்டு மே மாதம் பனி உருகி ஆறு பெருகியது. 30ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுவசதி ஆணையத்தார் வீடுதோறும் ஒரு துண்டறிக்கை தந்தனர். கரை உறுதியாக உள்ளது, தேவையானால் எச்சரிப்போம், வெளியேற நேரம் இருக்கும், பதற்றம் வேண்டாம் என்பது அதன் செய்தி. மாலை நாலேகால் மணியளவில் இரயில் பாதைக் கரை உடைந்தது. இடையிலிருந்த சதுப்பு நிலங்கள் வெள்ளத்தைச் சிறிது நேரம் தாங்கிக்கொண்டன, விடுமுறையானதால் பலர் வெளியே சென்றிருந்தனர். ஆகவே உயிரிழந்தோர் 15 பேரோடு நின்றது. வீடுகள் தீப்பெட்டிகளைப் போல மிதந்து ஒன்றோடொன்று மோதின. இரவுக்குள் ஒரு நகரமே இல்லாமற் போயிற்று.

வெள்ளத்தை நிறவெறி கொண்டுவரவில்லை, அது இயற்கை. ஆனால் அன்று மாலை அந்தப் பள்ளத்தில் யார் இருந்தார்கள் என்பதை 1919இன் நெறிமுறையும், அதற்கு முன் 1857இன் வாக்கும் தீர்மானித்திருந்தன. வீடிழந்த கறுப்பர் போர்ட்லாந்தில் வீடு பெற முடிந்தது பெரும்பாலும் அல்பினா என்ற ஒரே பகுதியில். அங்கே கோயில்களும் கடைகளும் இசைக்கூடங்களும் எழுந்தன. 1949இல் வேலைவாய்ப்பிலும், 1953இல் உணவகம், விடுதி போன்ற பொது இடங்களிலும், 1957இல் வீட்டு விற்பனையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. அவற்றைப் பெறக் கறுப்பர் அமைப்புகள் பல்லாண்டு போராடின.

அதே ஆண்டுகளில்தான் அல்பினா துண்டு துண்டாக இடிக்கப்பட்டது. 1960இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்குக்காக 476 வீடுகள் போயின. அவற்றில் ஏறத்தாழ பாதியில் கறுப்பர் வாழ்ந்தனர். அடுத்து நெடுஞ்சாலை வந்தது. 1970களின் தொடக்கத்தில் இம்மானுவேல் மருத்துவமனையின் விரிவாக்கத்துக்காக ஏறத்தாழ முந்நூறு வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. இடித்து முடிந்தபின் கூட்டரசின் நிதி நின்றுவிட்டது. விரிவாக்கம் நடைபெறவில்லை. நகரம் கறுப்பரிடம் வாங்கிக் காலி செய்த மனைகள் பல பத்தாண்டுகள் புல் முளைத்துக் கிடந்தன. அங்கு வாழ்ந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் தொடுத்த வழக்கில், எண்பத்தைந்து லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொள்ளப் போர்ட்லாந்து நகரமன்றம் 2025இல் இசைந்தது. அதற்கு ஐந்தாண்டு முன், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஓரிகனின் 42 லட்சம் மக்களுள் கறுப்பர் நூற்றுக்கு இரண்டு பேர்.